மலை வேட்டைக்குப் பை வாங்குகிறீர்களா? திரும்பி வரும் சுமையிலிருந்து தொடங்குங்கள்

மலையேறும் பை ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, வேட்டைக்கும் அதையே கொண்டுபோனால் ஆகாதா? புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மேலே ஏறும்வரை ஆகும். மலையேற்றத்தில் நாளாக நாளாகச் சாப்பாடு தீர்ந்து பை இளைத்துக்கொண்டே வரும். வேட்டையில் நேர்மாறு. நல்லபடியாக அமைந்த நாளில் பை இரண்டு மடங்காகிவிடும், அதுவும் கால் ஓய்ந்துபோன நேரத்தில். ஆகவே போகும்போது தூக்குவதை விட்டுவிட்டு, வரும்போது தூக்கப்போவதைக் கணக்கில் எடுங்கள்.

1. முதலில் ஒரு கணக்கு

நடுத்தர அளவு மான் என்றால் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறத்தாழ 25 முதல் 35 கிலோ. நன்கு வளர்ந்த ஆண் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) என்றால் 80, 90 கிலோ வரை போகும். ஒரு தடவைக்கு 30 கிலோ என்று வைத்தாலும் எல்க்குக்கு மூன்று நடை. வண்டி 5 கிலோமீட்டரில் நிற்கிறது என்றால், சுமையோடு மூன்று தடவை, வெறுங்கையோடு இரண்டு தடவை, மொத்தம் 25 கிலோமீட்டர். கூடாரத்தையும் படுக்கையையும் இறக்க இன்னொரு நடை தனி. எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதைத் துப்பாக்கியின் வீச்சு தீர்மானிப்பதில்லை, இந்தக் கணக்குதான் தீர்மானிக்கும்.

2. சட்டகம் முதலில், பை அப்புறம்

கடையில் எல்லாரும் ஜிப்பையும் பாக்கெட்டையும்தான் திறந்து பார்ப்பார்கள். நீங்கள் முதுகுப்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்ளே அலுமினியப் பட்டையாலோ கார்பனாலோ ஆன சட்டகம் இருக்க வேண்டும், செங்குத்தாக அழுத்தினால் மடங்கக் கூடாது. ஒன்றரை கிலோவுக்கும் குறைவான எடையில் வரும் மலையேற்றப் பைகள் 15 கிலோ வரை சுகமாக இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் சட்டகம் வளைந்து, எடை முழுவதும் தோளுக்கு வந்துவிடும். வேட்டைக்கான பை 2.5 முதல் 3.5 கிலோ வரை இருக்கலாம். அந்தக் கூடுதல் எடைக்கு வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: பையைச் சட்டகத்திலிருந்து தள்ளி, நடுவில் இறைச்சியை வைத்து இறுக்கிக் கட்ட இடம் இருக்கிறதா? அந்த இடத்தைச் சுமைத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இருந்தால் ரத்தம் உங்கள் துணிமணிகளில் படாது, எடையும் முதுகை ஒட்டியே இருக்கும்.

3. முதுகை அளப்பது

உயரத்தைச் சொல்லிப் பை வாங்காதீர்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஒரு எலும்பு முடிச்சு துருத்தும், அது மேல் முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை சந்திக்கும் இடம் கீழ் முனை. நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் அளவு. தையல் டேப்பைக் கொடுத்து வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள், தானே அளந்தால் தப்பாகும்.

4. கொள்ளளவும் துணியும்

மூன்று முதல் ஐந்து நாளுக்கு 70 முதல் 90 லிட்டர் போதும். சில நிறுவனங்கள் கன அங்குலத்தில் போடுவார்கள்; 61 கன அங்குலம் ஒரு லிட்டர், ஆக 5000 என்றால் சுமார் 82 லிட்டர். துணியை வாங்கும் முன் நகத்தால் கீறிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால், புதரில் உரசும்போதும் அதே சத்தம் வரும், மானுக்குக் காது கூர்மை. மழைக்கு மேலே போர்த்தும் உறையும் காற்றில் படபடக்கும். உள்ளே நீர் புகாத பை ஒன்றைப் போட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி.

5. வார்களை இழுக்கும் வரிசை

இதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை; அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. எடையில் பெரும்பங்கை இதுதான் சுமக்கும். அப்புறம் தோள் வார், ஒட்டினால் போதும், இழுத்து இறுக்க வேண்டாம். மூன்றாவது, தோளுக்கு மேலிருந்து சட்டகத்தின் தலைக்குப் போகும் சின்ன வார். அது ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். அதை இழுத்ததும் பையின் தலை முதுகோடு ஒட்டும், தோளில் இருந்த அழுத்தம் சட்டென்று குறையும். அந்த வார் தட்டையாகக் கிடந்தால் சட்டகம் உங்களுக்குக் குட்டை. கடைசியாக மார்பு வார், மூச்சு விட இடம் விட்டு.

6. அடுக்குவது

படுக்கையை அடியில் வையுங்கள். கனமானவை நடுவில், முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் உயரத்தில். லேசானவை வெளிப்பக்கம். மழைச்சட்டை, தண்ணீர், கத்தி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். பைனாகுலர் பைக்குள் போகக் கூடாது, மார்பில் தொங்கட்டும். பைக்குள் இருக்கும் பைனாகுலரை எடுத்து முடிப்பதற்குள் மான் போய்விடும்.

துப்பாக்கியைப் பையோடு கட்டினால் அதன் தோட்டா அறை காலியாகவே இருக்க வேண்டும். குனிந்தால் குழாய் யாரை நோக்கும் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். பின்னால் வருபவர் முகத்துக்கு நேராக வந்தால் கட்டும் இடத்தை மாற்றுங்கள்.

7. இறைச்சி ஏற்றுவது

சூடான இறைச்சியை பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள், கெட்டுப்போகும். காற்று போகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். எலும்பு எடுத்த இறைச்சி மாவு மூட்டை மாதிரி கீழே சரிந்துகொண்டே வரும். அதைத் தடுக்க, தட்டின் அடியில் சுருட்டிய கூடாரத்தை வைத்து அதன் மேல் இறைச்சியை ஏற்றி, குறுக்கு வார்களை மாறி மாறி இறுக்குங்கள். கொம்பு இருந்தால் முனைகள் உங்கள் முதுகையோ கழுத்தையோ பார்க்காமல் திருப்பி, பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியைச் சுற்றுங்கள். தூரத்திலிருந்து இன்னொரு வேட்டைக்காரர் பார்த்தால் மான் என்று நினைத்துவிடக் கூடாது. இறைச்சி, கொம்பு இரண்டில் எதை முதலில் மலையிலிருந்து இறக்கலாம் என்பதற்கும் சில இடங்களில் விதி உண்டு, உரிமத்தோடு வரும் தாளைப் படியுங்கள்.

இப்போது எழுவது. நின்றபடி 35 கிலோவைத் தோளில் வீசி மாட்டாதீர்கள். பையைச் சரிவில் நிறுத்தி, அதன் முன் உட்கார்ந்து வார்களை மாட்டி, பக்கவாட்டில் உருண்டு முழங்காலிட்டு, இரண்டு ஊன்றுகோல்களையும் ஊன்றி எழுங்கள். ஓடையைக் கடக்கும்போது இடுப்புப் பட்டையையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற வேண்டும்.

8. ஒத்திகை

விலைச்சீட்டைக் கிழிக்காமல் இதைச் செய்யுங்கள். 25 கிலோ மணலைப் பழைய துணிப்பையில் கட்டி, சுமைத் தட்டில் ஏற்றி, ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். அப்புறம் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் தோல் லேசாகச் சிவந்திருந்தால் சரிதான். தோளில் சிவந்திருந்தால் இடுப்புப் பட்டை கீழே இறங்கியிருக்கிறது. மறுபடி கட்டி இன்னொரு மணி நேரம் நடங்கள். அப்போதும் தோளே சிவந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அளவைக் கேளுங்கள்.