மங்கிய மோதிரம்: முதலில் குளியல், பிறகுதான் மெருகு

மோதிரம் மங்கியதும் பலர் நேரே பாலிஷ் போடக் கிளம்பிவிடுகிறார்கள். பாலிஷ் என்பது உலோகத்தின் மேல்தோலைத் தேய்த்து எடுப்பதுதான். ஒவ்வொரு முறையும் துளித்துளியாகத் தங்கம் துணியோடு போகும். அதனால் மங்கலுக்குக் காரணம் அழுக்கா, கறுப்பா, கீறலா என்று முதலில் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில், சோப்பு நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். பளிச்சென்று ஆனால் அது வெறும் அழுக்கு. கோடுகள் தெரிந்தால் விரல் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஆழமான கீறல், பத்தரிடம்தான் போக வேண்டும். கல் மோதிரமானால் காதருகே வைத்து ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் கல் தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் போடாதீர்கள்.

தங்க மோதிரத்துக்கு

916 தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் சோப்புப் படிவும் எண்ணெயும்தான். மீன் ஆய்ந்த கையென்றால் வேலைப்பாட்டின் இடுக்குகளில் செதிலும் சேர்ந்திருக்கும்.

1. நான்கைந்து பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கசக்குங்கள். இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு போதும்.
2. விரல் பொறுக்கும் சூட்டில் மோதிரத்தைப் பத்து நிமிடம் போடுங்கள்.
3. குழந்தைகளின் மெத்தென்ற பல் துலக்கியால் உட்புறத்தையும் கல்லின் அடிப்பகுதியையும் தேயுங்கள்.
4. கழுவிய நீரைத் தேநீர் வடிகட்டியில் ஊற்றுங்கள். கழன்ற கல் சாக்கடைக்குள் போகாமல் அதில் நிற்கும்.
5. கடைசி அலசலுக்கு உப்பு போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். குடிக்கிற கேன் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

முத்து, பவளம் பதித்தவற்றை ஊறவைக்கவே கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். நவரத்தின மோதிரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பின்புறம் மூடிய பழைய வகையில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கலாம், வெந்நீர் பட்டால் இளகிவிடும்.

பற்பசையால் தேய்ப்பது பரவலான பழக்கம். அதில் இருக்கும் சிலிக்கா போன்ற துகள்கள் தங்கத்தைவிடக் கடினமானவை. முதல் நாள் பளபளக்கும், பிறகு மயிர்க்கோடுகளாகத் தெரியும். வெள்ளைத் தங்கம் மஞ்சளாகத் தெரிந்தால் எந்தக் குளியலும் உதவாது. மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்திருக்கிறது, மறுபடி பூசுவதுதான் வழி. ஒரு கிராம் தங்கம், கவரிங் மோதிரங்களைத் தேய்த்தால் பூச்சே போய்விடும்.

வெள்ளிக்கு

வெள்ளி கறுத்தால் உடம்புச் சூடு, கண்ணேறு என்பார்கள். உண்மையில் அது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் வெள்ளி சல்பைடு. தேங்கிய சாக்கடையின் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவிலிருந்து வருவது. சென்னையில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ வியாசர்பாடி கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கமோ குடியிருப்பவர்களின் வெள்ளி சீக்கிரம் கறுத்தால் வியப்பில்லை. அவித்த முட்டை உரித்தாலும் கறுக்கும்.

இந்தக் கறுப்பைத் தேய்க்காமலே எடுக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரித்து, கல் இல்லாத மோதிரத்தை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா, கால் தேக்கரண்டி உப்பு போட்டு, 250 மில்லி கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள், பொங்கி வரும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குத் தாவும், லேசாக நாறும். இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்து அலசுங்கள். கறுப்பு போகவில்லை என்றால் பெரும்பாலும் மோதிரம் தாளைத் தொடவில்லை, அல்லது நீர் ஆறிவிட்டது. வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய ஆக்சிடைஸ்டு வேலைப்பாட்டுக்கு இது கூடாது, அழகே போய்விடும்.

கீறல்

வீட்டில் பழக, வேலைப்பாடில்லாத வெள்ளி வளையம் மட்டுமே உகந்தது. ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 1000, 1500, 2000 எண்களில் வாங்குங்கள். மோதிரத்தை மரக் குச்சியில் இறுக மாட்டி, தண்ணீர் தொட்டு 1000-இல் ஒரு திசையில் தேயுங்கள். 1500-க்கு மாறும்போது குறுக்கே தேயுங்கள். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்த பிறகே 2000. அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால் எவ்வளவு மெருகு போட்டாலும் அடிக்கோடு தெரியும். ஒரே இடத்தில் அழுத்தினால் தட்டையாகிவிடும். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் சிவப்பு ரூஜ் (நகைக்கு மெருகேற்றும் பொடி) தடவித் தேய்த்து, சோப்பு நீரில் கழுவுங்கள். பளபளப்பில்லாத மேட் தோற்றம் வேண்டுமென்றால் ரூஜை விட்டுவிட்டு, பச்சைப் பாத்திர ஸ்க்ரப்பரால் ஒரே திசையில் லேசாக இழுங்கள்.

தங்கத்தில் இதைச் செய்யாதீர்கள். சௌகார்பேட்டையில் மெருகு போடக் கொடுத்தால், மில்லிகிராம் காட்டும் தராசில் முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். உட்புறத்தில் எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட எச்யூஐடி ஹால்மார்க் அடையாளத்தைத் தேய்த்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வாசலுக்கு வந்து நகை கழுவித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். ராஜ திராவகம் என்ற அமிலக் கலவையில் முக்கினால் தங்கம் கரைந்து அவரோடு போய்விடும்.

பிளீச்சிங் பவுடர் தொடும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும். அதை வீட்டில் சூடாக்கிப் போக்க முயலாதீர்கள், ஆவி விஷம். கழற்றிய மோதிரங்களைத் தனித்தனி ஜிப் கவரில் வையுங்கள். கவரை ரப்பர் பேண்டால் சுற்றாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு.