வீட்டுல கட்டெறும்பு காலனி வளர்க்கப் போறீங்களா, எங்கெல்லாம் சறுக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க

எறும்பு வளர்க்கிறேன்னு சொன்னா நம்ம ஊர்ல மொதல்ல வர்ற கேள்வி "வீடு பூரா எறும்புதானே, அதை எதுக்கு தனியா வளர்க்கணும்"ங்கிறதுதான். சர்க்கரை டப்பாவுல ஏறுற எறும்பைப் பாக்குறது வேற, ஒரே ஒரு ராணி தனியா உக்காந்து முட்டை போட்டு, மாசக்கணக்குல பட்டினி கிடந்து, மொத வேலைக்கார எறும்பு வெளிய வந்ததும் அது அம்மா வாயோட வாய் வச்சு ஊட்டுறதை கண்ணாடி வழியா பாக்குறது வேற. ஒரு தடவை பாத்துட்டா விட மனசு வராது. ஆனா ஆசையா ஆரம்பிக்கிற நெறைய காலனி வளராமயே செத்துப் போகுது, காரணம் பெரும்பாலும் எறும்பு இல்ல. சும்மா இருக்காத நம்ம கை, நம்ம வீட்டுல இருக்குற பூச்சி மருந்து, நம்ம ஊர் வெயில், இந்த மூணும்தான். ஐரோப்பாக்காரங்க போடுற வீடியோவுல குளிர்காலம் வந்தா காலனியை ஃபிரிட்ஜ்ல வைங்கன்னு சொல்லுவாங்க, அது அவங்க ஊர் எறும்புக்கு. நம்ம எறும்புக்கு அதைச் செஞ்சா கொன்னுடுவீங்க.

என்னைக் கேட்டா மொத தடவைக்கு கட்டெறும்பு தவிர வேற எதுவும் வேணாம். வாசல்ல, வேப்பமரம் மாமரம் அடியில கறுப்பா பெருசா ஓடுமே அதான், அறிவியல் பேரு கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ். பெருசா இருக்குறதால என்ன நடக்குதுன்னு கண்ணுக்கு நல்லாத் தெரியும், கொடுக்கு கிடையாது, கடிச்சு ஃபார்மிக் ஆசிட் பீச்சும் அவ்வளவுதான், சின்ன இடுக்குல நுழைஞ்சு ஓடவும் முடியாது. நெருப்பெறும்பு கொட்டுனா தடிச்சுப் போகும், அலர்ஜி இருக்குறவங்களுக்கு ஆபத்தாவே முடியலாம், அது வேணாம். மாமரத்துல இலையைச் சேத்துக் கூடு கட்டுற முசுறைப் பாத்தா எனக்கும் ஆசைதான், லார்வா விடுற பட்டு நூலை வச்சு இலையை ஒட்டுற எறும்பு அது, ஆனா அதுக்கு உயிரோட செடி வேணும், காத்தோட்டம் வேணும், இடம் வேணும், மரத்துலயே இருக்கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்குற குதிக்கிற எறும்பு, ஹார்பெக்னாதோஸ், பாக்க அவ்வளவு அழகு, ஆனா அதுல ராணியே வெளிய போய் வேட்டையாடித்தான் மொத குஞ்சுங்களை வளர்க்கும், அனுபவம் இல்லாம அதைத் தொடாதீங்க.

ராணி எங்க கிடைக்கும்? புத்தைத் தோண்டாதீங்க, தயவுசெஞ்சு. தோண்டினா ராணி பெரும்பாலும் கிடைக்காது, கிடைச்சாலும் அடிபட்டுடும், ராணி போச்சுன்னா அந்தக் காலனியே போச்சு. மழை பெஞ்சு விட்ட சாயங்காலமோ ராத்திரியோ றெக்கை வச்ச எறும்புங்க பறந்து வந்து தெரு லைட்டு, மொட்டை மாடி லைட்டு அடியில விழும், அப்ப தேடுங்க. கூடவே ஈசலும் கொட்டும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க, ஈசலுக்கு நாலு றெக்கையும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது, எறும்புக்கு முன் றெக்கை பெருசு பின் றெக்கை சின்னது, இடுப்பு ஒல்லியா இருக்கும், மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். ஆண் எறும்பு தலை சின்னதா ஒடம்பு மெலிசா இருக்கும், அதை விட்டுடுங்க, சீக்கிரம் செத்துடும். றெக்கை உதிர்ந்து, முதுகுல உதிர்ந்த தழும்போட, தரையில வேகமா ஓடி மறைவிடம் தேடுற தடிச்ச பெரிய எறும்புதான் நமக்கு வேணும், ஏன்னா இனச்சேர்க்கை முடிஞ்சாதான் பொதுவா றெக்கையை உதிர்க்கும். றெக்கையோட ஒண்ணு கிடைச்சா அதையும் வச்சுப் பாக்கலாம், ஆனா கரு சேராத முட்டையில இருந்து ஆண் எறும்பு மட்டும்தான் வரும், காலனி வராது. பிடிச்சதும் டப்பாவைக் குலுக்காதீங்க, பயந்து ஆசிட் பீச்சுச்சுன்னா காத்துப் போகாத டப்பாவுல அந்தப் புகையே அதைக் கொன்னுடும்.

வீடுன்னு பெருசா ஒண்ணும் வேணாம், ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூப் போதும், லேப் சாமான் விக்கிற கடையில கிடைக்கும், 15 செ.மீ. நீளம், 16 மி.மீ. விட்டம் வாங்குங்க. பாதிக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி ஊத்தி, பஞ்சை உருட்டி உள்ள தள்ளி, தண்ணியைத் தொட்டு ஈரம் ஏறுற மாதிரி நிறுத்துங்க, தண்ணிக்கும் பஞ்சுக்கும் நடுவுல காத்துக் குமிழி நிக்கக்கூடாது. மீதி இடத்துல ராணியை விட்டு வாயில இன்னொரு பஞ்சு, காத்து போற அளவுக்கு லூசா. மேல கறுப்பு சார்ட் பேப்பரை சுத்திடுங்க. இதான் மண்ணுக்கடியில ராணி தோண்டுற அறைக்கு பதிலு. சாப்பாடு போடாதீங்க, ஒரு துளி தேன்கூட வேணாம், இனிமே தேவையில்லாத றெக்கைத் தசையையும் ஒடம்புல சேத்து வச்ச கொழுப்பையும் கரைச்சுத்தான் தானும் வாழ்ந்து மொத குஞ்சுங்களையும் வளர்க்கும், தண்ணி மட்டும் இருந்தாப் போதும்.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம், பாக்காம இருக்கிறது. முட்டை போட்டுச்சா போட்டுச்சான்னு தெனம் எடுத்து லைட்டுல காட்டி, போட்டோ எடுத்து, ஃபிரெண்டுக்குக் காட்டி, இப்படி பண்ணினா ராணி இது பாதுகாப்பான இடம் இல்லன்னு எடுத்துக்கும், போட்ட முட்டையை அதுவே தின்னுடும். ரெண்டு தடவை மூணு தடவை அப்படித் தின்னு முடிச்சா ஒடம்புல தெம்பு இல்லாம செத்துடும், நாம ராணி சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். அதனால ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்பீக்கர், தடால்னு சாத்துற கதவு இதெல்லாம் இல்லாத ஒரு அலமாரி மூலையில வச்சுட்டு வாரத்துக்கு ஒரு தடவை, செவப்பு செலஃபன் பேப்பர் சுத்துன டார்ச்சுல அஞ்சு செகண்ட் பாருங்க, செவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவா தெரியாது. முட்டை, லார்வா, அப்புறம் பழுப்புக் கலர் பட்டுக்கூடு, அதுல இருந்து வேலைக்காரி, ஏறக்குறைய ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், சூடு கம்மியா இருக்குற மாசத்துல இன்னும் இழுக்கும்.

சூடுன்னு சொன்னதும் நம்ம மே மாசத்தைப் பத்தி சொல்லணும். 26ல இருந்து 30 டிகிரி இருந்தா இதுங்க சந்தோஷமா வளரும், ஆனா மாடி வீடு, தகர ஷீட், மேற்கு பாத்த ஜன்னல்னா அறையே 38க்கு மேல போகும், சின்னக் கண்ணாடிக் குழாய் மேல நேரா வெயில் பட்டா கொஞ்ச நேரத்துல வெந்துடும். இன்னொண்ணு, நெறைய பேருக்கு இது தெரியாது, டியூப்போட தண்ணிப் பக்கம் ஒரு காத்துக் குமிழி சேர்ந்திருந்தா சூடு ஏறும்போது அந்தக் காத்து விரிஞ்சு தண்ணியை பஞ்சு வழியா ராணி பக்கம் தள்ளும், காலையில பாத்தா எல்லாம் வெள்ளத்துல கிடக்கும். பகல்ல அனல், ராத்திரி ஏசி குளிர்னு ஏறி எறங்குற ரூமுலதான் இது அதிகம். தரையோட ஒட்டின கீழ் ஷெல்ஃப், உள் அறை, தெர்மாகோல் பெட்டி, இதுல எது முடியுதோ அதைப் பண்ணுங்க, சூடு ஒரே சீரா இருக்கணும்.

மொத வேலைக்காரங்க வந்தா ரொம்ப சின்னதா இருக்கும், பயப்பட வேணாம், ராணி தன் ஒடம்பை உருக்கி வளர்த்த குழந்தைங்க, அப்படித்தான் இருக்கும். இப்பதான் சாப்பாடு. ஒரு பங்கு சர்க்கரைக்கு மூணு பங்கு தண்ணி கலந்து குண்டூசி முனை அளவு துளி, ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு மேல வச்சு உள்ள தள்ளுங்க, பெரிய துளி வச்சா அதுலயே மூழ்கிடும். வளர்ந்த எறும்பு திடப்பொருளை முழுங்காது, இனிப்புதான் அதுக்கு பெட்ரோல், புரோட்டீன் லார்வாவுக்கும் முட்டை போடுற ராணிக்கும். சர்க்கரை மட்டும் போட்டுக்கிட்டே இருந்தா எறும்பு உயிரோட இருக்கும், காலனி வளராது, இந்த இடத்துல நெறைய பேர் மாட்டிக்குவாங்க. வெட்டுக்கிளி கால், சின்ன பூச்சி, ஒரு துளி அவிச்ச முட்டை மஞ்சக்கரு, எதுவா இருந்தாலும் வாரத்துக்கு ரெண்டு தடவை கடுகு அளவு, தின்னாதது மறுநாள் வெளிய எடுத்துடணும், இல்லன்னா பூஞ்சை. பூச்சியை கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துட்டுப் போட்டா அது மேல இருக்குற உண்ணி உள்ள வராது.

ஆனா வீட்டுல செத்துக் கிடக்குற கரப்பானை மட்டும் எடுத்துப் போடாதீங்க. அது எதுல செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. எறும்பு சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே, கொசு லிக்விட், கொசுவத்தி எல்லாத்துலயும் பொதுவா இருக்குறது பைரெத்ராய்டு வகை மருந்து, எறும்புக்கு அது துளி பட்டாலும் விஷம்தான். அம்மா சமையல்கட்டுல சாக்பீஸ் கோடு போட்டுட்டு அதே கையால உங்க டப்பா மூடியைத் திறந்தாக்கூட போதும். வீட்டுல எல்லார்கிட்டயும் உக்காந்து பேசிடுங்க, காலனி இருக்குற ரூமுல கொசுவலை மட்டும்தான், மருந்து கிடையாதுன்னு. வாடகை வீட்டுல பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்க வர்ற நாளைக் கேட்டு வச்சுக்கிட்டு, காலனியை வேற வீட்டுக்குக் கொண்டு போய் சில நாள் வச்சிருந்து எடுத்துட்டு வாங்க. கடையில வாங்குற திராட்சை, ஆப்பிள் தோல்லயும் மருந்து இருக்கும், நல்லா கழுவி தோலை எடுத்துட்டு உள்சதை மட்டும் வைங்க.

அடுத்த எதிரி வீட்டு எறும்புங்களே. பொடி எறும்புங்க சர்க்கரை வாசனைக்கு வரும், வந்த இடத்துல முட்டை லார்வா இருக்குறதைக் கண்டுபிடிச்சா ஒரே ராத்திரியில வரிசை கட்டி வந்து பஞ்சு வழியா நுழைஞ்சு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடும், நாலஞ்சு வேலைக்காரங்களை வச்சுக்கிட்டு ராணி என்ன பண்ணும். நம்ம பாட்டிங்க நெய் டப்பாவை தண்ணித் தட்டுல வச்ச அதே வழிதான் இதுக்கும், அகலமான டிரேயில தண்ணி ஊத்தி ஒரு சொட்டு சோப்பு விட்டு நடுவுல ஒரு கிண்ணத்தைக் கவுத்து அது மேல காலனியை வைங்க. சோப்பு ஏன்னா சும்மா தண்ணியில பொடி எறும்பு மிதந்தே கடந்துடும், சோப்பு சேர்ந்தா மூழ்கும். தண்ணியை ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை மாத்துங்க, டெங்கு கொசு வளர்க்கிற டிரேயா அது ஆகக்கூடாது. டிரே மேல வயர், திரைச்சீலை, சுவர் எதுவும் படக்கூடாது, அந்த ஒரு நூல் போதும் பாலமா.

பெரிய கூடு எப்ப மாத்தணும்? ஆன்லைன்ல அழகான அக்ரிலிக் ஃபார்மிகேரியம், அதாவது எறும்பு வளர்க்கிற ரெடிமேட் கூடு, பாத்ததும் வாங்கத் தோணும், ஆனா பத்து எறும்பைக் கொண்டு போய் அதுல விட்டா ஒரு மூலையில சுருண்டுக்கும், இன்னொரு மூலையில குப்பை போடும், பூஞ்சை வரும், ஈரத்தையும் சரியா பாத்துக்க முடியாது. முப்பது வேலைக்காரங்க வந்து டியூப் நெருக்கடியாகுற வரைக்கும் டியூப்லயே இருக்கட்டும், சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை இணைச்சு விடுங்க. அப்புறம் நீங்களே செய்யலாம், வீடு கட்டுற இடத்துல கிடைக்குற ஏஏசி பிளாக், அதான் லேசான வெள்ளை சிமெண்ட் கல்லு, அதோட ஒரு துண்டை ஸ்குரூடிரைவரால குடைஞ்சு அறை பண்ணி முன்னாடி கண்ணாடி வச்சு ஒட்டினா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விட நல்லா உழைக்கும், தண்ணியை உறிஞ்சு மெதுவா விடும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் வைங்க, அதுங்களே தேவையான இடத்துக்கு முட்டையைத் தூக்கிட்டுப் போகும். மாத்தும்போது கொட்டாதீங்க, டியூபால ரெண்டையும் இணைச்சு, பழைய டியூப் மேல வெளிச்சம் படவிட்டு புதுக்கூட்டை இருட்டா ஈரமா வச்சா தானா போகும், ஒரு நாள்ல போகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம், அவசரப்படுத்தாதீங்க.

தப்பிக்காம இருக்க, வெளிநாட்டுக்காரங்க ஃப்ளூவான்னு வழுக்குற பூச்சு ஒண்ணு தடவுவாங்க, இங்க சுலபமா கிடைக்காது, முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல குழைச்சு டப்பா உள்பக்கம் மேல ரெண்டு இஞ்ச் தடவுங்க, காஞ்சதும் பிடிமானம் இல்லாம வழுக்கும். எறும்பு உள்ள இருக்கும்போது தடவக்கூடாது, அந்த ஆவி கொன்னுடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல காத்து ஈரத்துல இந்தப் பூச்சு சீக்கிரம் வேலை செய்யாமப் போகும், அடிக்கடி புதுசா தடவணும், மூடியில நைசான ஸ்டீல் வலையும் வேணும்.

பஞ்சுல கறுப்பா பூஞ்சை தெரிஞ்சா உடனே பிரிச்சுக் கொட்டாதீங்க, புது டியூப் ஒண்ணை இணைச்சு வச்சா, பழசு பிடிக்கலன்னா தானா மாறிக்கும். வேற கூட்டு வேலைக்காரங்களைப் பிடிச்சு உள்ள விட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ஒவ்வொரு காலனிக்கும் தனி வாசனை, சண்டை போட்டு ராணியையே கொன்னுடும்.

கடைசியா சட்டம். சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு உள்ள எதையும் பிடிக்காதீங்க. ஆன்லைன்ல வெளிநாட்டு ராணி வாங்காதீங்க, உயிருள்ள பூச்சியை இந்தியாவுக்குள்ள கொண்டுவர பர்மிட் வேணும். 2025ல கென்யாவுல ரெண்டு பெல்ஜியம் இளைஞர்கள் 5,000 எறும்போட, அதுவும் டெஸ்ட் டியூப்ல வச்சு, மாட்டினாங்க, ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டாங்க. இடம் மாறிப் போன எறும்பு என்ன பண்ணும்னு இந்தியப் பெருங்கடல்ல இருக்குற கிறிஸ்துமஸ் தீவுல பாத்தாச்சு, மஞ்சள் பைத்திய எறும்பு அங்க கோடிக்கணக்குல செந்நண்டைக் கொன்னுருக்கு. 2022ல திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பக்கத்து கிராமங்கள்லயும் அதே எறும்பு பெருகி ஆடு மாடுங்க பாதிக்கப்பட்டதா செய்தி வந்துச்சு.

வளர்க்க முடியலன்னா வேற ஊர்ல விடாதீங்க, எந்தத் தெருவுல ராணியைப் பிடிச்சீங்களோ அங்கயே ஒரு மரத்தடியில, சாயங்காலம், மருந்து அடிக்காத இடமா பாத்து விடுங்க, இல்லன்னா இதே ஊர்ல வளர்க்கிற இன்னொருத்தர்கிட்ட குடுங்க. இதை மொதல்லயே யோசிச்சுக்கிறது நல்லது, ஏன்னா ஐரோப்பாவுல ஒரு கறுப்புத் தோட்ட எறும்பு ராணி வளர்ப்புலயே கிட்டத்தட்ட 29 வருஷம் இருந்திருக்கு, கட்டெறும்பு ராணியும் நல்லாப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்குல உங்க கூட இருக்கும், வேலைக்கு ஊர் மாறினா, கல்யாணம் ஆனா, அதை யார் பாத்துப்பாங்கன்னு வீட்டுல பேசி வச்சுட்டு மழைக்குக் காத்திருங்க.