பாம்பனில் ஒரு பழிவாங்கல் கொள்ளை: கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈவிரக்கமில்லாத ஒரு சூதாட்ட விடுதி முதலாளி. அவரிடம் அடிபட்ட நாலைந்து பேர். கணக்குத் தீர்க்க ஒரு திருட்டுத் திட்டம். குறும்படம் எடுக்கிறவர்களுக்கும் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சட்டகம் மேல் தீராத ஆசை உண்டு. அதைக் கொண்டுபோய்ப் பாம்பனிலோ தனுஷ்கோடியிலோ வைத்துவிட்டால் அழகு தானாக வந்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். அழகு வரும், கதைதான் நிற்காது. சூதாட்ட விடுதியைச் சினிமாவில் பார்த்தபடி எழுதுகிறார்கள், ராமநாதபுரம் கடற்கரையைச் சுற்றுலா வந்தபோது பார்த்தபடி எழுதுகிறார்கள். பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

விடுதியை ராமேஸ்வரத்தில் கட்டாதீர்கள்

தமிழ்நாட்டில் சட்டப்படி நடக்கும் சூதாட்ட விடுதி கிடையாது. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் இதற்கு வழிவிட்டிருக்கும் இடங்களாக உடனே நினைவுக்கு வருபவை கோவாவும் சிக்கிமும். கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 90களில் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். அந்தக் கப்பல்களும் நடுக்கடலில் நிற்பவை அல்ல. பனாஜியை ஒட்டி மாண்டோவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கின்றன.

இதைப் படித்தவுடன் ஒருவர் கேட்பார்: "சரி, கப்பலைப் பன்னிரண்டு கடல் மைல் தாண்டி நிறுத்திவிட்டால்? அங்கே எந்த நாட்டுச் சட்டமும் இல்லையே!" வேறு கடலில் வேண்டுமானால் யோசிக்கலாம். பாக் விரிகுடாவில் அப்படி யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரே இல்லை. 1974 ஒப்பந்தப்படி அந்தக் கடலின் நடுவே ஒரு கோடு கிழித்தாயிற்று. இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை. தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு 1976இல் கோடு போட்டார்கள். தவிர, பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருப்பது ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், அதிலும் வழி நெடுக மணல் திட்டுகள். ஆயிரம் பேர் ஏறும் சொகுசுக் கப்பலை அங்கே கொண்டுவந்தால் தட்டித்தான் நிற்கும்.

உங்கள் முதலாளிக்கு இயல்பான ஊர் கொழும்பு. அங்கே சூதாட்ட விடுதிகளுக்கு 2010இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வாடிக்கையாளர்களில் இந்தியர்கள் நிறைய. அங்கிருந்து ராமநாதபுரத்துக்கு நீளும் கை எது என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. இணைய ரம்மி செயலியின் முதலாளியை வில்லனாக்கலாம் என்றால், 2022இல் மாநிலமும் 2025இல் மத்திய அரசும் கொண்டுவந்த தடைச் சட்டங்களுக்குப் பிறகு அவர் ஒளிந்து வாழ்கிற ஆள். பளிங்குக் கூடமும் சுழலும் சக்கரமும் அவரிடம் இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கும் காட்சியை இன்றைய கதையில் எழுதாதீர்கள். அந்தப் போக்குவரத்து 80களிலேயே நின்றுபோனது.

பணத்தைத் திருட விடாதீர்கள்

இதைத்தான் பெரிய தவறு என்பேன். கும்பல் பெட்டகத்தை உடைக்கிறது, பைகளில் நோட்டு நிரப்புகிறது, முதலாளி தலையில் கை வைத்துக்கொள்கிறார். அவர் ஏன் தலையில் கை வைக்க வேண்டும்? ரூலெட் ஆட்டத்தின் சுழல் சக்கரத்தில், பந்து விழ 37 எண் குழிகள். சரியான எண்ணில் வைத்தவனுக்கு, வைத்த பணம் போகக் கிடைப்பது 35 மடங்கு. இந்த வித்தியாசத்தால் வைக்கப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2.70 ரூபாய் விடுதிக்கு. யாரும் ஏமாற்றவே வேண்டாம், கதவு திறந்திருந்தால் போதும். ஒரு ராத்திரியில் போனதை அடுத்த சில மாதங்களில் அந்தக் கணக்கே திருப்பிக் கொடுத்துவிடும். காப்பீடு வேறு இருக்கும்.

பணத்துக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் சில்லுகளைத் திருடுவது அதைவிட மோசமான யோசனை. 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸின் பெலாஜியோ விடுதிக்குள் ஹெல்மெட்டோடு நுழைந்த ஒருவர், துப்பாக்கியைக் காட்டி 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை அள்ளிக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டார். விடுதி என்ன செய்தது? 25,000 டாலர் சில்லு வரிசையே இனி செல்லாது என்று அறிவித்தது. கையில் இருந்ததை விற்கப் போன இடத்தில் ஆள் பிடிபட்டார். சில்லு என்பது அந்த விடுதிக்குள் மட்டும் ஓடுகிற காசு. அதைச் செல்லாமல் ஆக்கும் அதிகாரம் திருட்டுக் கொடுத்தவரிடமே இருக்கிறது.

அப்படியானால் முதலாளிக்கு எது வலிக்கும்? ஒன்று, உரிமம். இன்னொன்று, அவருக்கு வர வேண்டிய கடன். ராமநாதபுரத்துக் கதைக்கு இரண்டாவதுதான் கருவூலம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கொழும்பில் ஒருவர் சூதில் தோற்ற பணத்துக்கு ராமநாதபுரம் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அதனால் சூதுக் கடன் ஊருக்கு வரும்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். விடுதிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர், கீழக்கரை நகைக்கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு புரோநோட்டை நீட்டுவார். அதில் சீட்டு, சூது என்று ஒரு வார்த்தை இருக்காது. "எனது குடும்பச் செலவுக்காகவும் வியாபார அபிவிருத்திக்காகவும் இன்று தங்களிடம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட ரூபாய்" என்று தொடங்கும். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் குறுக்கே கையெழுத்து. தொகை இடம் காலி, தேதி இடமும் காலி. புரோநோட்டின் ஆயுள் மூன்று வருடம், தேதி எழுதினால்தானே மூன்று வருடம் ஓடத் தொடங்கும்? கூடவே நிரப்பாத காசோலை இரண்டு. மனைவி பெயரில் நிலம் இருந்தால் அதற்கு ஒரு பவர் பத்திரம்.

உங்கள் கும்பல் திருட வேண்டியது இந்தக் காகிதக் கட்டு. எடை அரைக் கிலோகூட வராது. ஒரு கோடி ரூபாயை 500 ரூபாய் நோட்டாகத் தூக்கினால் சுமார் 20 கிலோ. கட்டு தொலைந்தால் முதலாளி காவல் நிலையம் போக முடியாது. நிரப்பாத புரோநோட்டு காணாமல் போய்விட்டது என்று எந்த வாயால் புகார் கொடுப்பார்? பழி என்றால் இது பழி. அடிபட்ட நாலைந்து பேரோடு, கட்டில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் ஒரே இரவில் விடுபடுகிறார்கள்.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. எல்லாக் காகிதத்தையும் ஒன்றாகப் போட்டுக் கொளுத்திக் கைதட்டும் காட்சியை எழுதாதீர்கள். புரோநோட்டின் அசல் எரிந்தால் முதலாளியின் பிடி தளரும். பதிவு செய்த பத்திரம் அப்படியில்லை. அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது, வில்லங்கச் சான்று போட்டால் வந்து நிற்கும். பவர் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் முறைப்படி ரத்து செய்ய வேண்டும். எதை எரிப்பது, எதற்கு அலுவலகப் படியேறுவது என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் கும்பலில் தேவை. பத்திர எழுத்தரிடம் இருபது வருடம் உதவியாளராக இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியைத் தட்டி அரை நிமிடத்தில் எதையும் திறக்கும் இளைஞனைவிட இவர் கதைக்கு ருசியானவர்.

காற்றைக் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே குணத்தில் இருப்பதில்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது தோராயமாக மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் சீறும். வாடை தொடங்கினால் வடகடல் முறை. திட்டத்தை மாதம் குறிப்பிடாமல் எழுதினால் உள்ளூர் வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இதை இடைஞ்சலாகப் பார்க்க வேண்டாம். திருப்பத்தைக் காற்றே கொடுக்கும். கீழக்கரையில் வள்ளம் இறக்கத் தயாராக நிற்கிறார்கள். சங்கு குளிக்கும் பையன் மணலில் நின்று பார்த்துவிட்டு வருகிறான். (காக்கா என்றால் இங்கே அண்ணன்.)

"காக்கா, கச்சான் ஏறிருச்சு. தென்கடல்ல இன்னிக்கு வள்ளம் இறக்க முடியாது."

"அப்ப தேவிபட்டினம் பக்கமாப் போயிருவோம். அங்க நமக்கு யாரு இருக்கா?"

யாருமில்லை என்பதிலிருந்து அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது. ஒரே ராத்திரியில் கடற்கரை மாறுகிறது, நம்பிக்கைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது, ரகசியம் இன்னொரு காதுக்குப் போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று மட்டும் கடலில் போனால் குழந்தைகூடக் கேட்கும். மற்ற நாட்களிலும் ராமேஸ்வரத்தில் மீன்துறை டோக்கன் வாங்கித்தான் லாஞ்சு கிளம்ப வேண்டும். பக்கவாட்டில் டிஎன் 10 என்று பதிவு எண் பெரிதாக எழுதியிருக்கும். கதாநாயகன் இரவில் சாவியைத் திருகி லாஞ்சை ஓட்டிக்கொண்டு போகிற காட்சியை தயவுசெய்து வெட்டுங்கள். நாட்டுப்படகு, பைபர் படகு என்று இறங்கி வாருங்கள், நம்பும்படி இருக்கும்.

ஆளில்லாத கடற்கரை என்று நினைக்காதீர்கள்

மாநிலக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமம், சுங்கத்துறை, காவல்துறை உளவுக் கிளையான கியூ பிரிவு, மண்டபத்தில் மத்திய அரசின் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை. இத்தனை கண்கள். பீடி இலையும் சமையல் மஞ்சளும் இங்கிருந்து அந்தப் பக்கம் போகின்றன, தங்கம் அங்கிருந்து இந்தப் பக்கம் வருகிறது, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை எப்படியாவது நகரப் பார்க்கிறது. அதனால் மீன் வண்டி என்றால் சோதனைச் சாவடியில் சும்மா விட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் பழைய கற்பனை. 2023இல் மண்டபம் அருகே துரத்தலின்போது கடலில் வீசப்பட்ட தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கித் தேடி எடுத்த சம்பவமே உண்டு.

துரத்தல் என்றதும் எல்லோருக்கும் பாம்பன் பாலம்தான் கண்ணில் தெரியும். ராமேஸ்வரம் தீவிலிருந்து காரில் வெளியேற அந்த ஒரு சாலைப் பாலம்தான். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஜீப்பை நிறுத்தினால் துரத்தல் முடிந்தது. போதாததற்கு வண்டியை ஓரங்கட்டிக் கடலைப் படம் பிடிக்கும் கூட்டம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறும். அது பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் கப்பல்களும் படகுகளும் காத்திருந்து, அனுமதி வாங்கி, பிறகு தூக்குகிற பாலம் அது. உங்கள் ஆள் குதிக்கும் நேரம் பார்த்துத் தூக்க மாட்டார்கள். அரிச்சல்முனையில் நள்ளிரவுச் சந்திப்பும் அப்படியே. இருட்டுவதற்குள் சுற்றுலா வண்டிகளை வெளியேற்றிவிடுவார்கள்.

கும்பலில் ஒரு பெண் வேண்டும் என்பதற்காகச் சிவப்பு உடை போட்ட ஒருவரைச் சூதாட்ட மேசையில் உட்கார வைக்காதீர்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, பவளப்பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணித் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. மூச்சை அடக்கி இறங்கி ஏறுகிறவர்கள். எந்தத் தீவைச் சுற்றி எத்தனை முழம் தண்ணீர், வனத்துறைப் படகு எந்தப் பக்கம் வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முதலாளியின் ஆள் காகிதக் கட்டை ஒரு தீவில் புதைத்து வைத்திருக்கிறான் என்றால், அதை எடுக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

பேச்சில் ஒரு எச்சரிக்கை. கடற்கரை என்றாலே தூத்துக்குடிப் பேச்சை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். தங்கச்சிமடத்துப் படகோட்டி ஒரு மாதிரி பேசுவார், கீழக்கரைக் கடைக்காரர் வேறு மாதிரி. கீழக்கரையில் அண்ணன் காக்கா, அக்கா லாத்தா. படகு முதலாளியை 'பாஸ்' என்று கூப்பிடாமல் சம்மாட்டி என்று கூப்பிட வையுங்கள்.

கடைசியாகப் பங்கு பிரிக்கும் காட்சி. சம்பவம் முடிந்து எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் நடப்பதாக எழுதுவது வழக்கம். இந்தக் கரையில் வளர்ந்தவர்கள் அப்படிப் பிரிக்க மாட்டார்கள். முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். பிறகு படகுக்கு ஒரு பங்கு. மிச்சம்தான் ஆட்களுக்கு, அதிலும் ஓட்டிய டிரைவருக்குக் கொஞ்சம் கூடுதல். இந்தக் கணக்கில் சண்டை வரும், வரட்டும். பணமே எடுக்காமல் காகிதத்தை மட்டும் எடுத்து வந்த கும்பலில் டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்று படகுக்காரர் கேட்கும் இடத்தை இரண்டு பக்கமாவது எழுதுங்கள்.