சின்னக் கட்சியின் மாவட்டக் கூட்டம்: கூட்டுவதும், ஒருவர் விலகினால் செய்ய வேண்டியதும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருநூறு, முந்நூறு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு இயங்கும் மரபுவழிக் கட்சிகளுக்கானது இந்தக் குறிப்பு. பெரிய கட்சியில் ஒன்றியச் செயலாளர் ஒருவர் போனால் மறுநாளே அந்த இடத்துக்கு நாலு பேர் நிற்பார்கள். சின்னக் கட்சியில் ஒருவர் போனால் ரசீது புத்தகமும் அவரோடு போகும், கிளையும் போகும். கொள்கை பிடிக்காமல் போகிறவர்கள் குறைவு. மேடையில் நாற்காலி கிடைக்காமலும், பேர் விட்டுப்போயும் போகிறவர்கள்தான் அதிகம். ஆகவே கூட்டத்தையும் விலகலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் தேதி. மே, ஜூன் மாதங்களில் காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கத்து விவசாயி மாந்தோப்பை விட்டு வரமாட்டார். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆடிப்பெருக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று பாதிப் பேர் ஒகேனக்கல்லில் இருப்பார்கள். கிழமை என்றால் ஞாயிறுதான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு வேறு நாள் ஒத்துவராது. ஆனால் ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தை. அந்தப் பக்கத்து ஆட்கள் சந்தையை முடித்துக்கொண்டுதான் வருவார்கள். காலை 10.30-க்குத் தொடங்கி, தீர்மானங்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. இப்படிப்பட்ட கட்சியில் அதைப் பார்க்கிறவர்கள் நிறைய உண்டு, கையெழுத்துகளை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தளி, அஞ்செட்டிக்காரர்கள் ஊர் போய்ச் சேரவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.

அழைப்பு அனுப்பும்போது கட்சியின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதைப் பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பின்னால் விலகியவர் நீதிமன்றம் போகும்போது முதலில் கேட்கப்படுவது இதுதான். வாட்ஸ்அப்பில் போட்டால் மட்டும் போதாது. பொறுப்பாளர்களுக்குத் தபாலிலும் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதைக் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட் புக்கில் ஒட்டுங்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளில் தீர்மானம் போடாதீர்கள், முக்கியமாக ஒருவரை நீக்கும் தீர்மானத்தை.

மண்டபத்துக்குள் நடத்தினால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியிடம் என்றால் அனுமதியே வேண்டும்: இடம், நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், வண்டிகள், மைக் செட் எல்லாம் மனுவில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்த பிறகு, ஆள் கணக்கைப் பற்றிய கேள்வி சம்பிரதாயத்துக்குக் கேட்கப்படுவதல்ல. பெருமைக்காக ஆயிரம் என்று எழுதாதீர்கள். வெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்கவே வேண்டாம்.

150 பேருக்குச் சாப்பாடு என்றால் அரிசி 18 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 4 கிலோ என்று சமையல்காரரிடம் பேச்சைத் தொடங்கலாம். தண்ணீர் 20 லிட்டர் கேன் எட்டு, வெயில் காலமானால் பதினொன்று. நாற்காலியை வருவதாகச் சொன்னவர்களின் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கே விரியுங்கள், மீதி பின்னால் அடுக்கியிருக்கட்டும். காலி நாற்காலியைப் படமெடுக்கவென்றே ஒருவர் வந்திருப்பார்.

இனி மேடை. ஏழு நாற்காலிக்கு மேல் போடாதீர்கள். யார் யார் என்பதை விதிமுறைப் புத்தகத்தில் உள்ள பதவி வரிசைப்படி முடிவுசெய்து, இரண்டு நாள் முன்பே எல்லா ஒன்றியச் செயலாளர்களுக்கும் தெரிவியுங்கள். இடம் இல்லாதவருக்கு மாவட்டத் தலைவரே போன் செய்து சொல்ல வேண்டும், உதவியாளர் சொன்னால் அதுவே ஒரு வருத்தமாகும். ஒன்றியங்களின் பேரை அகர வரிசையில் வாசியுங்கள். வரவேற்புரையில் ஞாபகத்திலிருந்து பேர் சொல்வது ஆபத்து. எழுதி, இரண்டு பேர் சரிபார்த்த தாளை மட்டும் படிக்கட்டும். பொன்னாடை இருப்பதிலேயே மூத்த உறுப்பினர் ஒருவருக்கு மட்டும். பத்துப் பேருக்குப் போட்டால் பதினோராவது ஆள் கணக்கு வைத்துக்கொள்வார். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் அதிகம் என்பதால், தீர்மானத்தைத் தமிழில் வாசித்ததும் அந்த மொழிகளிலும் ஒருவர் சுருக்கமாகச் சொன்னால் கை தூக்குகிறவர் தெரிந்தே தூக்குவார்.

மேடையில் ராஜாஜி படம் வைப்பதானால் அவர் கட்சியின் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர், 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-இல் மக்களவையில் 44 இடங்கள் பிடித்த கட்சி அது. 1972-இல் அவர் இறந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கு, அலுவலக வாடகை ஒப்பந்தம், போன் எண் எல்லாம் ஒரே ஆள் பேரில் இருக்கும் கட்சி அந்த ஆள் போனதும் நின்றுவிடும். கணக்கில் எப்போதும் இரண்டு கையெழுத்து இருக்கட்டும்.

விலகல் செய்தி பெரும்பாலும் கூட்டத்துக்கு முந்தைய நாளோ மறுநாளோ வரும். வந்ததும் அறிக்கை விடாதீர்கள். அவரிடமிருந்து எழுத்தில், தேதியோடு, கையெழுத்தோடு விலகல் கடிதம் வாங்குங்கள். நேரில் தர மனமில்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறியதை விலகலாக எழுதிக்கொள்ளக் கூடாது, கோபம் ஆறி வருகிறவர்கள் உண்டு. கடிதத்தை ஏற்றதற்கு மாவட்டச் செயலாளர் பதில் கடிதம் தர வேண்டும்.

அன்றே கேட்டு வாங்க வேண்டியவை: பயன்படுத்திய, பயன்படுத்தாத ரசீது புத்தகங்கள் எண் வாரியாக, ரப்பர் ஸ்டாம்பு, உறுப்பினர் பதிவேடு, அலுவலகச் சாவி, குழுவின் அட்மின் பொறுப்பு. பொருளாளர் போனால் துண்டறிக்கையிலும் பேனரிலும் அச்சிட்ட கியூஆர் கோடு யார் கணக்குக்குப் போகிறது என்று உடனே பாருங்கள். இதுதான் அடிக்கடி தவறும் இடம், நன்கொடை மாதக்கணக்கில் பழைய ஆளுக்கே போய்க்கொண்டிருக்கும். கையெழுத்து மாற்றத்துக்கு வங்கி தீர்மான நகல் கேட்கும். 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடையை ரொக்கமாக வாங்கினால் கட்சிக்குள்ள வருமான வரி விலக்கு சிக்கலாகும், ஆகவே அவர் காலத்து ரசீதுகளை அன்றே சரிபாருங்கள். விலகியவர் மாநிலப் பொறுப்பாளர் என்றால் கட்சித் தலைமை, தேர்தல் ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற கட்சி நிர்வாகிகள் மாற்றத்தைத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29அ பிரிவு.

விலகியவர் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தால் பதவியும் போய்விடும் என்று மேடையில் முழங்காதீர்கள். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்தான். சட்டமன்ற உறுப்பினர் என்றால் கதை வேறு. அவரைக் கோபத்தில் நீக்கிவிட்டாலும் அவர் அந்தக் கட்சிக்காரராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி இழப்பார் என்று 1996-இல் ஜி. விஸ்வநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது.

பத்திரிகைக்குச் சொல்வது மூன்று வாக்கியம் போதும்: இன்னார் இன்ன தேதியில் விலகினார், பொறுப்பை இன்னார் பார்ப்பார், இனி இன்னாரிடம் மட்டும் ரசீது பெறுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், சொன்னால் அவர் பதில் சொல்வார். ஒரு வாரத்துக்குள் மாவட்டத் தலைவர் அந்தக் கிளைக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும், திட்டுவதற்கு அல்ல, மீதிப் பேர் இருக்கிறார்களா என்று பார்க்க.

உறுப்பினர் இறந்துபோனால் முறை வேறு. உடலுக்குக் கட்சிக் கொடி போர்த்துவது குடும்பம் சம்மதித்தால் மட்டும். அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம்தான் முதல் பொருள், அதன் நகலைக் குடும்பத்துக்கு நேரில் கொடுங்கள். உதவித்தொகை என்றால் காசோலையாக வீட்டாரிடம் கொடுங்கள். மேடைக்கு அழைத்துப் படமெடுக்க வேண்டாம்.

விலகியவர் திரும்பி வந்தால் புது விண்ணப்பம், புது உறுப்பினர் எண். பழைய பதவி தானாகத் திரும்பாது. சேர்த்துக்கொண்டதை அடுத்த மாவட்டக் கூட்டத்தின் நிரலில் வைத்து ஒப்புதல் வாங்குங்கள்; அதுவரை மேடையில் ஏற்ற வேண்டாம்.