எழுத்து மாறாது, வேலை மாறும்: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வினைச்சொல் ஆகும் கதை

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வரும். 'வாட்டர்' என்றால் தண்ணீர் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்போம். திடீரென்று 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று என்று அதற்குப் பொருள். விகுதி எதுவும் சேரவில்லை, ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிவிட்டது. இதைத்தான் கன்வெர்ஷன் என்கிறார்கள்.

பயப்பட வேண்டாம், நமக்கு இது புதிதே இல்லை. 'அவனை அடி' என்கிறோம், அங்கே 'அடி' வினை. 'அவனுக்கு நல்ல அடி' என்கிறோம், இங்கே அதே 'அடி' பெயர். உதை, வெட்டு, கட்டு என்று எத்தனையோ சொற்கள் இப்படி இருக்கின்றன. பள்ளியில் முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்தது இதுதான். அதற்கு அடுத்ததாக முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று ஒன்றும் வருமே, கெடு என்பது கேடு ஆகும், சுடு என்பது சூடு ஆகும், பெறு என்பது பேறு ஆகும். சொல்லின் உள்ளே ஓர் ஒலியை மட்டும் நீட்டி வினையைப் பெயராக்கும் வித்தை. ஆங்கிலத்திலும் இதே மாதிரி இரண்டு வகை உண்டு. ஒன்றில் எதுவுமே மாறாது. மற்றொன்றில் சொல்லின் உள்ளே ஒன்று மாறும், ஆனால் அங்கே மாறுவது நீளம் இல்லை, அழுத்தம். நாம் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான், அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

படி 1: சொல்லை விடுங்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

ஒரு சொல் பெயரா வினையா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். 'எ', 'தி', 'மை', 'திஸ்' போன்றவை நின்றால் பின்னால் வருவது பெரும்பாலும் பெயர். 'வில்', 'கேன்', 'மஸ்ட்', 'டோன்ட்' நின்றால் வினை. 'எ வாக்' என்றால் ஒரு நடை, 'ஐ வில் வாக்' என்றால் நடப்பேன். 'டு' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், 'டு வாக்' என்றும் வரும், 'டு தி பார்க்' என்றும் வரும், அதனால் அதற்கு அடுத்த சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வசதி ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் வினைக்கும் பெயருக்கும் வேறு வேறு விகுதிகள் இருந்தன. அன்பு 'லுஃபு', அன்பு செய்வது 'லுஃபியன்'. நூற்றாண்டுகள் போகப் போக விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன, மிஞ்சியது இரண்டுக்கும் பொதுவான 'லவ்'. விகுதி போன பிறகு, எந்தப் பெயரையும் தூக்கி வினையின் இடத்தில் உட்கார வைத்தால் தடுக்க ஆளில்லை.

தடுக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1789-ல் பெஞ்சமின் பிராங்க்ளின், பின்னாளில் அகராதிக்காகப் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' ஆகியவற்றை வினையாகப் பயன்படுத்துகிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். இன்று மூன்றையும் எல்லோரும் வினையாகப் பயன்படுத்துகிறார்கள். 'கூகுள்' என்ற நிறுவனப் பெயரே வினையாகி 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது.

படி 2: எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்று கேளுங்கள்

பெயரிலிருந்து வினை வருவதுதான் மிக அதிகம்: பாட்டில், ஈமெயில், டெக்ஸ்ட், ஹேமர். வினையிலிருந்து பெயரும் வரும்: 'ஹாவ் எ லுக்', 'கிவ் இட் எ ட்ரை'. பெயரடையிலிருந்து வினை: எம்ப்டி, க்ளீன், ட்ரை (உலர்ந்த என்ற பொருளில்), கூல். இதை நம்பி 'பிக்'கையும் 'வைடு'வையும் வினையாக்கிவிடாதீர்கள். 'வைடு' வினையாக வேண்டுமென்றால் 'வைடன்' என்று விகுதி சேர வேண்டும், 'பிக்'குக்கு அதுவும் கிடையாது.

ஏற்கெனவே நல்ல வினை ஒன்று இருந்தால் புதிதாக ஒன்றை உள்ளே விட மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். திருடுவதற்கு 'ஸ்டீல்' இருப்பதால் 'தீஃப்' வினையாவதில்லை.

பொருளும் சில நேரம் தலைகீழாகப் போகும். 'டஸ்ட்' என்பது தூசி. மேசையை 'டஸ்ட்' செய்தால் தூசியைத் துடைத்து எடுக்கிறோம், பயிரை 'டஸ்ட்' செய்தால் பொடியைத் தூவுகிறோம். 'சீட்' என்றால் விதை, அது வினையானால் விதைப்பதும் உண்டு, பழத்திலிருந்து விதையை நீக்குவதும் உண்டு. எது என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

படி 3: இறந்த காலத்தில் ஒரு சின்ன சோதனை

இது எனக்கு மிகவும் பிடித்த இடம். பெயரிலிருந்து பிறந்த வினைகள் இறந்த காலத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளும். மணி அடிப்பது 'ரிங்', இறந்த காலம் 'ராங்'. ஆனால் 'ரிங்' என்ற வளையத்திலிருந்து பிறந்து, வளைத்துக்கொள்வது என்று பொருள் தரும் 'ரிங்' வேறு. படைகள் நகரைச் சுற்றி வளைத்தால் 'ரிங்டு தி சிட்டி' என்றுதான் சொல்வார்கள், அங்கே 'ராங்' வராது. சொல் எங்கிருந்து வந்தது என்பதை இலக்கணம் மறப்பதில்லை. ஆக, நேற்று முளைத்த வினையாக இருந்தாலும் தயங்காமல் 'டெக்ஸ்டட்', 'கூகுள்டு' என்று போடலாம்.

படி 4: அழுத்தத்தை இடம் மாற்றுங்கள்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இரண்டு அசை உள்ள சில சொற்களில் பெயர் என்றால் முதல் அசையில் அழுத்தம், வினை என்றால் இரண்டாவது அசையில் அழுத்தம். எழுத்துக்கூட்டல் இரண்டுக்கும் ஒன்றுதான், காது மட்டுமே வேறுபாட்டைச் சொல்லும். கீழே ஒவ்வொரு வரியிலும் முன்னது பெயர், முதல் அசையில் அழுத்தம்; பின்னது வினை, இரண்டாவது அசையில் அழுத்தம்:

ரெகர்ட் என்றால் பதிவு, ரிகார்ட் என்றால் பதிவு செய்.
ப்ரெஸன்ட் என்றால் பரிசு, ப்ரிஸென்ட் என்றால் வழங்கு.
ஆப்ஜிக்ட் என்றால் பொருள், அப்ஜெக்ட் என்றால் மறுப்புச் சொல்.
கான்டக்ட் என்றால் நடத்தை, கன்டக்ட் என்றால் நடத்து.
ப்ராஜெக்ட் என்றால் திட்டம், ப்ரஜெக்ட் என்றால் முன்கூட்டிக் கணி.

கடைசியாக இருக்கிறதே, அதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் இவ்வளவு வளர்ச்சி இருக்கும் என்று கணிக்கிறோம் என்று சொல்ல நினைத்து, 'வி ப்ராஜெக்ட்' என்று முதல் அசையை அழுத்திச் சொன்னேன். எதிரில் இருந்தவர் மிகப் பணிவாக 'எந்த ப்ராஜெக்ட்?' என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை, நான் சொன்னது பெயர்ச்சொல்.

நமக்கு இது ஏன் வழுக்குகிறது என்றால், தமிழில் பொருளை மாற்றுவது நீளமும் இரட்டிப்பும்தான். பல் வேறு, பால் வேறு, படம் வேறு, பட்டம் வேறு. எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் 'படம்' படம்தான். அந்தப் பழக்கத்தில் 'ரெக்கார்டு' என்று எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம், கேட்பவருக்குப் பெயரா வினையா என்று பிடி கிடைக்காது. 'அழுத்திச் சொல்லுங்கள்' என்றால் பலர் அந்த அசையை உரக்கக் கத்துகிறார்கள், அதுவும் வேலைக்கு ஆகாது. என் அனுபவத்தில் சுலபமான வழி நேர் எதிரானது. அழுத்தம் இல்லாத அசையைச் சுருக்குங்கள். அதைத் தேய்த்துவிட்டால் மற்றது தானாகவே எழுந்து நிற்கும்.

சுருக்குவது எப்படி என்று நமக்குத் தெரியும். 'பசு' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'காசு' என்று சொல்லுங்கள். 'பசு'வின் கடைசி உகரத்தில் உதடு முழுதாகக் குவிகிறது, 'காசு'வில் குவியாமல் அரை மாத்திரையில் கரைந்துபோகிறது. குற்றியலுகரம் என்று படித்தோமே, அதுவேதான். ஆங்கிலத்தில் எந்த உயிரும் அழுத்தம் இழந்தால் இப்படிக் கரைந்து, வாயை அதிகம் திறக்காத ஒரு சோம்பேறி 'அ'வாகவோ குட்டி 'இ'யாகவோ ஆகிவிடலாம். அந்த 'அ'வுக்கு ஷ்வா என்று பெயர். மேலே 'கான்' என்பது வினையில் 'கன்' ஆனதையும், 'ஆப்' என்பது 'அப்' ஆனதையும் திரும்பப் பாருங்கள், கரைந்திருக்கிறது.

உயிர் கரையாத சொற்களும் உண்டு, 'இன்க்ரீஸ்', 'இம்போர்ட்' மாதிரி. அங்கே அழுத்தும் அசையைக் கொஞ்சம் நீட்டி, குரலைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

இந்தச் சோடிகள் எல்லாம் ஒரே நாளில் உருவானவை இல்லை. பழைய அகராதிகளை வைத்துப் பார்த்தால், 1570-ல் இப்படி அழுத்தம் மாறியவை வெறும் மூன்றுதான்: ரிபெல், ரெக்கார்டு, அவுட்லா. 1934 வாக்கில் அது சுமார் 150 ஆகியிருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று மாறுகிறது. அதனால்தான் 'ரிசர்ச்' போன்ற சொற்களை ஆங்கிலேயர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைக் கேட்கலாம்.

படி 5: மாறாத சொற்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்

விதி தெரிந்த உற்சாகத்தில் எல்லாச் சொல்லையும் ஆட்டிவிடக் கூடாது. 'ரிப்போர்ட்', 'ரிப்ளை', 'ரெஸ்பெக்ட்', 'சப்போர்ட்', 'சர்ப்ரைஸ்' எல்லாம் பெயரானாலும் வினையானாலும் இரண்டாவது அசையில்தான் அழுத்தம். 'ஆன்சர்', 'விசிட்', 'ப்ராமிஸ்', 'காமென்ட்' எல்லாம் எப்போதும் முதல் அசையில். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை, அகராதியில் அழுத்தும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, 'ரெஃப்யூஸ்' என்ற குப்பையும் 'ரிஃப்யூஸ்' என்ற மறுப்பும், எழுத்து ஒன்றாக இருந்தாலும், பொருளில் வெகுதூரம் போய்விட்டவை. அவற்றைச் சோடியாக நினைக்காமல் இரண்டு சொற்களாகவே படிப்பது நல்லது.

படி 6: அழுத்தம் அசையாமல் ஒலி மட்டும் மாறுபவை

'ஹவுஸ்' வீடாக இருக்கும்போது கடைசி ஒலி பாம்பின் சீறல் மாதிரி, குடியமர்த்து என்ற வினையாகும்போது தேனீயின் ரீங்காரம் மாதிரி. தொண்டையில் விரல் வைத்தால் வினையில் மட்டும் அதிர்வு தெரியும். 'யூஸ்', 'எக்ஸ்க்யூஸ்' இரண்டும் இதே ரகம். 'அட்வைஸ்' எழுத்திலேயே பிரிந்துவிட்டது, பெயரில் சி, வினையில் எஸ்.

மூன்று அசைச் சொற்களில் கடைசி அசையைக் கவனியுங்கள். 'எஸ்டிமேட்' வினையாக வந்தால் கடைசியில் 'மேட்' என்று தெளிவாக ஒலிக்கும், பெயராக வந்தால் 'மிட்' என்று சுருங்கும். 'க்ராஜுவேட்', 'டூப்ளிகேட்', 'செபரேட்' எல்லாம் அப்படித்தான், 'செபரேட்' மட்டும் பெயருக்குப் பதில் பெயரடை.

படி 7: இரண்டு சொல் வினைகள்

எழுதும்போது அதிகம் தப்பாகப் போவது இது. வினை என்றால் இரண்டு சொல், அழுத்தம் பின்னால்: லாக் இன், செட் அப். பெயர் என்றால் ஒரே சொல், அழுத்தம் முன்னால்: லாகின், செட்டப் என்பவற்றில் 'லாக்', 'செட்' பகுதிகள் மேலோங்கும். சந்தேகம் வந்தால் இறந்த காலத்தில் போட்டுப் பாருங்கள். 'லாக்டு இன்' என்று நடுவில் விகுதி நுழைகிறதா? அப்படியென்றால் அது வினை, பிரித்து எழுதுங்கள்.

படி 8: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை மனதுக்குள் படிக்காமல் சத்தமாகச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து, அப்புறம் நீங்களே கேளுங்கள்.

'யூ நீட் எ பர்மிட், பட் தே வோன்ட் பர்மிட் இட்.'
'தி ரிப்போர்ட் இஸ் லேட், ஐ வில் ரிப்போர்ட் இட் டுடே.'
'ஐ மஸ்ட் பேக் அப் மை ஃபைல்ஸ், பட் தி பேக்கப் டிஸ்க் இஸ் ஃபுல்.'

முதல் வாக்கியத்தில் முன்னதில் 'பர்' மேல் அழுத்தம், பின்னதில் 'மிட்' மேல். இரண்டாவது வாக்கியம் ஒரு பொறி, இரண்டு இடத்திலும் 'போர்ட்' மேல்தான் அழுத்தம், ஆட்டியிருந்தால் படி 5-க்குத் திரும்பிப் போங்கள். மூன்றாவதில் வினைக்கு 'அப்' மேல் அழுத்தம், பெயருக்கு 'பேக்' மேல்.