ஏஏ மீட்டிங் போகலாம்னு இருக்கீங்களா? டெல்டா பக்கம் நம்மாளுங்க பண்ற தப்புங்க

குடியை விடுறதுக்கு நாள் குறிக்கிறதுல நம்ம ஊர்க்காரங்கள அடிச்சுக்க ஆளே கிடையாது. குறுவை அறுப்பு முடியட்டும், தீபாவளி போகட்டும், பொங்கலுக்கு அப்புறம் பாப்போம்பாங்க, அதுக்குள்ள கோயில் திருவிழா வந்துரும், மேட்டூர் தொறந்தா திரும்ப நடவு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசுற குழு, 1935ல அமெரிக்காவுல குடியில மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பேசி ஆரம்பிச்சது, சேர்றதுக்கு அவங்க கேக்குற ஒரே தகுதி குடியை நிறுத்தணும்ங்கற ஆசைதான். நிறுத்திட்டு வான்னு யாரும் சொல்லல.

சில பேர் இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு, சுத்தமா போய் நிப்போம்னு மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி சட்டுனு நிறுத்திடுறாங்க. இதுதான் இருக்கறதுலயே ஆபத்தான தப்பு. பல வருஷமா தினமும் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது, சில பேருக்கு வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள்ல இல்லாத ஆளு எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், உயிரே போயிடலாம். காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போற வீடுங்க இன்னமும் இருக்கு. அந்த மாதிரி குடிக்கிற ஆளா இருந்தா முதல்ல தஞ்சாவூர் இல்ல திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மீட்டிங் அப்புறம். மீட்டிங்ல டாக்டர் கிடையாது, மருந்தும் கிடையாது.

அடுத்து தேடுறதுல நடக்குற குழப்பம். போன்ல குடி மறுவாழ்வுன்னு போட்டா வர்றதுல பாதிக்கு மேல தங்கி சிகிச்சை எடுக்குற பிரைவேட் சென்டருங்க, ஏஏ அது இல்ல. நல்ல சென்டரும் இருக்கு, ஆனா வண்டி அனுப்புறோம், ராத்திரியே ஆளைத் தூக்கிட்டு வந்துடுறோம்னு எவனாவது சொன்னா அந்த நம்பரை அழிச்சிடுங்க, மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேட்டாலே பாதிப் பேர் போனை வச்சிடுவான். ஏஏல அட்மிஷன் பீஸும் இல்ல, சந்தாவும் இல்ல, கடைசியில ஒரு பை சுத்தி வரும், டீ செலவுக்கும் ஹால் வாடகைக்கும் மெம்பருங்க இஷ்டப்பட்டதைப் போடுவாங்க, அவ்ளோதான். எங்க நடக்குதுன்னு தெரியலன்னா ஜிஎச் மனநலப் பிரிவுல கேளுங்க, இல்ல 14446க்கு போன் போடுங்க, அது போதை மீட்புக்கான இலவச நம்பர். 14416 மனநல உதவிக்கான இலவச நம்பர், அதுல தமிழ்லயே பேசலாம். இடமும் நேரமும் மாறிக்கிட்டே இருக்கும், அதனால பழைய லிஸ்ட்டை நம்பி பஸ் ஏறாம அன்னிக்கு காலையில ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்புங்க.

இதெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. குடவாசல் பக்கம் மஞ்சக்குடியிலேயே சென்னையில குடி மறுவாழ்வு சிகிச்சை குடுக்குற டிடிகே ஆஸ்பத்திரிக்காரங்க வந்து கேம்ப் போட்டு ஆளுங்கள ஊர்லயே தங்க வச்சு வைத்தியம் பாத்திருக்காங்க.

சொந்த ஊர்ல போனா மானம் போயிடும்னு கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர் போறாரு, தஞ்சாவூர்க்காரர் திருச்சி போறாரு. போகட்டும், ஆரம்பத்துல தப்பில்ல. ஆனா திரும்பி வர்ற பஸ்ஸைப் பத்தி யோசிக்க மாட்டாங்க, மீட்டிங் முடியறது சாயங்காலமோ ராத்திரியோ, டாஸ்மாக் பத்து மணி வரைக்கும் தொறந்திருக்கு, பஸ் ஸ்டாண்டுல அரைமணி நேரம் தனியா நின்னா கால் தானா அந்தப் பக்கம் நடக்கும். அங்க வந்த ஒருத்தரோட சேர்ந்து திரும்புங்க, இல்லன்னா அவங்க நம்பரை வாங்கிட்டு பஸ்ல உக்காந்து பேசிக்கிட்டே வாங்க. நம்பர் வாங்காம வர்றதே ஒரு பெரிய தப்புதான், ஏன்னா நம்ம பக்கம் தினமும் மீட்டிங் கிடைக்காது, நடுவுல இருக்குற நாளைத் தள்ளுறதுக்கு போன்தான்.

சர்ச் ஹால்ல நடந்தா மதம் மாத்துவாங்களோன்னு சில பேருக்கு சந்தேகம், ஏஏவுக்கு எந்த மதத்தோடயும் கட்சியோடயும் சம்பந்தமில்ல, ஹாலுக்கு வாடகை குடுக்குறாங்க அவ்ளோதான். பிரார்த்தனை இருக்கும், கடவுள்ங்கற வார்த்தை வரும், அதை அவங்கவங்க புரிஞ்சுக்கிட்ட மாதிரி எடுத்துக்கலாம். கருப்புச் சட்டைக்காரரும் தாராளமா உக்காரலாம்.

உள்ள போனா பேசியே ஆகணும்னு இல்ல, பேரைக்கூட முழுசா சொல்ல வேணாம். அடுத்தவர் பேசும்போது நடுவுல புகுந்து புத்தி சொல்லாதீங்க, "நான் பீர் மட்டும்தான், இவரு மாதிரி இல்ல"ன்னு மனசுக்குள்ள கணக்குப் போடாதீங்க, அங்க கேட்டதை டீக்கடையில அவுத்து விடாதீங்க. ஒரு தடவை போய்ட்டு பிடிக்கலன்னு விட்டுடறதும் உண்டு, குரூப்புக்கு குரூப் ஆளுங்க வேற, இன்னொன்ன பாருங்க. நடுவுல ஒரு நாள் குடிச்சிட்டீங்களா, அதுக்காக வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க, அடுத்த மீட்டிங் போங்க.

வீட்டுக்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை. எல்லா மீட்டிங்லயும் குடும்பத்தை உள்ள விட மாட்டாங்க, எல்லாரும் வரலாம்ங்கற ஓப்பன் மீட்டிங்கான்னு கேட்டுட்டுப் போங்க, குடும்பத்துக்குன்னே அல்-அனான் (Al-Anon) அப்படின்னு தனி குழு இருக்கு, அவரு வரலன்னாலும் நீங்க போகலாம். குடியை நிறுத்துற மாத்திரைன்னு யாரோ குடுத்ததை அவருக்குத் தெரியாம குழம்புல கலக்குற வேலை மட்டும் வேணாம், டைசல்பிராம்ங்கற அந்த மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா மூஞ்சி சிவந்து வாந்தி எடுத்து பிரஷர் இறங்கிடும், ஆளு ஐசியூவுக்குப் போற அளவுக்கு ஆகலாம், டாக்டர் எழுதி அவருக்கும் தெரிஞ்சுதான் அந்த மாத்திரையைக் குடுக்கணும்.