மொட்டைமாடியில் மீன்வலை

போன அக்டோபரில் வேலூரிலிருந்து கோடியக்கரைக்கு, வலசைப் பறவைகளை வலையில் பிடித்து, காலில் அடையாள வளையமிடும் வேலையில் உதவப் போயிருந்தேன். வலையில் விழுந்த ஆறுமணிக்குருவியை இறக்கைப் பக்கம் இழுத்து, சிக்கலை இன்னும் இறுக்கிவிட்டேன். “விடு தம்பி” என்று பெரியவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவமானம்தான்.

சத்துவாச்சாரி வீட்டு மாடியில் கிழிந்த மீன்வலையைக் கட்டி, கம்பளி நூல் பொம்மையைச் சிக்கவைத்துப் பழகினேன். “ஏரியில மீன் இல்லன்னு இங்க வலை போடறியா?” என்றார் அம்மா.

பறவை எந்தப் பக்கமிருந்து நுழைந்ததோ அந்தப் பக்கமே நின்று, முதலில் கால்களை விடுவிக்க வேண்டும். அப்புறம் இறக்கை, தலை. கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்கட்டும். நெஞ்சை அழுத்தினால் அதற்கு மூச்சு முட்டும்.

அடுத்த தடவை பழுப்புக் கீச்சான் பறவையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். விரலைக் கடித்துக் குதறியது, அது வேறு கதை.